பதினான்காம் குடுவை

முதல் பதின்மூன்றும் ஒழுங்காய் நடந்தன.
பனங்களி, அளந்த தண்ணீர், பீஎச் நாலரை,
மதுவம் இரண்டு வீதம்.
வெப்பநிலைக்கு மூன்று படி வைத்திருந்தேன்:
இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தாறு.
நாலாவது படியை மின்சார சபை வைத்தது.
வெள்ளி இரவு அறிவியல் நகர் முழுதும் இருண்டு
விசிறி நின்று, அடைகாக்கும் பெட்டி
தகரக் கூரையோடு சேர்ந்து கொதித்து
விடியப் பார்த்தால் நாற்பத்தொன்று.
செத்த மதுவம் அடியில் படிந்து கிடந்தது,
அரிசி கழுவிய தண்ணீர் மண்டிபோல.
ஊற்றிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

களிக்குள் ஒரு கசப்பு இருக்கிறது.
தின்கிறவர் நாக்கில் இலேசாய்த் தட்டும்,
மதுவத்துக்கு அது மதில்.
கசப்பை எடுத்தால் எதனோல் கூடும்;
முழுக்க எடுக்கப் போனால் செலவு கூடும்.
எவ்வளவு கசப்பை விட்டுவைக்கலாம்?
இரண்டு வருசமாய் இதுதான் என் வேலை.
அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.
"கசிப்பு எண்டு சொல்லன்" என்றா.
"ஆஸ்பத்திரிக்கு அம்மா. ஊசி போட முதல் தடவுறது."
"அப்ப சரி. ஆனா
பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத,
அந்த மனுசன் போத்திலோட வந்து நிப்பான்."

அளக்கும் கருவி எங்களிடம் பழுது.
வவுனியாவில் ஒன்று இருந்தது.
அறுபதாம் மணித்தியாலம், காலை ஏழேகால் பேருந்து,
மடியில் ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸ்,
ஐஸுக்குள் ஐந்து குடுவை.
முறிகண்டியில் எல்லாரும் இறங்கிக் கும்பிட்டு
கச்சான் சரையோடு ஏறினார்கள்.
நான் இறங்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்தேன்.
மாங்குளத்தில் ஐஸ் கரைந்து சட்டை நனைந்தது.
கனகராயன்குளம் தாண்டி
பாலத்தில் பேருந்து தூக்கிப்போட்டபோது
பதினான்கின் மூடி பறந்தது.

பெரிய சத்தமில்லை.
பேருந்து முழுவதும் குனிந்தது.
முன்னால் கச்சான் உரித்துக்கொண்டிருந்தவர்
எப்போது தரைக்குப் போனார் என்று நான் காணவில்லை.
ஒருத்தி பிள்ளையை
வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் மடித்துவிட்டாள்.
சாரதி பிரேக் போடவில்லை, கூட மிதித்தார்.
பின்னால் மூன்று பள்ளிக்கூடப் பெடியள் மட்டும்
நிமிர்ந்தபடி இருந்து
எங்களைப் புதினமாய்ப் பார்த்தார்கள்.
நானும் குனிந்திருந்தேன்,
மூடியை இறுக்கினது நான் என்று தெரிந்தும்.

பிறகு மணம் வந்தது.
கூரையிலிருந்து மஞ்சள் நுரை
நடத்துநரின் தோளில் சொட்டியது.
"பனம்பழம்," என்றார் தரையில் இருந்தவர்,
எழும்பாமலே.
"பனம்பழமடா!"
அதற்குப் பிறகு சிரிப்பை நிற்பாட்ட முடியவில்லை,
பிள்ளையை மடித்தவளுக்கு மட்டும்
கை நடுங்கிக்கொண்டே இருந்தது.
அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.
என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள்.
"இன்னும் எத்தினை கிடக்கு?"
"நாலு."
"வெடிக்குமா?"
நாலையும் அவள் முன்னாலேயே தளர்த்தினேன்.
ஒவ்வொன்றும் மெல்லச் சீறியது,
ஒவ்வொரு சீறலுக்கும் தலையாட்டினாள்,
கணக்குப் பார்ப்பவள்போல.

ஓமந்தையில் பொலிஸ்காரர் ஏறி மணந்து பார்த்து
எத்தனை வீதம் என்று கேட்டார்.
அளக்கத்தான் போகிறேன் என்றேன்.
கொப்பியைப் புரட்டி, வரைபுகளைப் பார்த்து,
தன் மகளும் விஞ்ஞானம் என்று சொல்லி இறங்கினார்.

நாலு குடுவையின் பெறுமானம் வந்தது.
ஆகக்கூடியது ஏழு தசம் இரண்டு.
பதினான்குக்கு நேரே எழுதினேன்:
அறுபத்திரண்டாம் மணி. மூடி பறந்தது. பேருந்து.
மேற்பார்வையாளர் சிவகௌரி சிவப்புப் பேனையால் கோடிட்டு
"வாயு போக வழி வைக்கவில்லை" என்று ஓரத்தில் போட்டார்.
உண்மைதான். முதலாம் வருசப் பாடம்.

இப்போது ஒவ்வொரு மூடியிலும் துளை.
துளையில் சேலைன் குழாய்,
குழாயின் மறுமுனை தண்ணீர்ப் போத்திலுக்குள்.
இரவில் விளக்கை அணைத்துவிட்டு
குமிழிகளை எண்ணுகிறேன்.
முப்பத்திரண்டு பாகையில்
பதினொரு செக்கனுக்கு ஒன்று.
கசப்பு கூடிய குடுவையில்
நாற்பது செக்கன் ஆகிறது.
நாற்பதும் காத்திருக்கிறேன்.
வருகிறது.